பெர்கன் நகரில் குடை பிடித்த பெரியவருக்கு நன்றி

கடந்த செப்டம்பரில், நார்வேயின் பெர்கன் நகரில் மழையில் வழி தெரியாமல் நின்ற எனக்கும் என் தாயாருக்கும் உதவிய பெரியவருக்கு, பெயரைக் கேட்கக்கூடத் தோன்றாமல் போன குறையோடு, என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அவர் இல்லையெனில், துறைமுகத்தை ஒட்டிய பிரிகென் மரவீடுகளின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். அவரோ தம் குடையை அம்மாவின் தலைக்குமேல் பிடித்தபடி, இரு வீடுகளுக்கு நடுவே பலகை பாவிய குறுகிய சந்துக்குள் எங்களை அழைத்துச் சென்றார். உள்ளே ஈர மரத்தின் வாசனை. 1702-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பப்பட்டவை அவை என்றும், வட நார்வேயின் கருவாட்டைத் தானியத்துக்கு மாற்றி வணிகம் செய்த ஹான்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள், தீக்கு அஞ்சி இவ்வீடுகளில் அடுப்பே மூட்டாமல், பின்புறம் தனியே கட்டிய கூடங்களில்தான் சமைத்துக் குளிர்காய்ந்தார்கள் என்றும் நிதானமாக விளக்கினார். சாய்ந்து நின்ற தூண் ஒன்றைக் காட்டி, "என் முதுகைப் போலத்தான்" என்று சிரித்தார். 1979-இல் இவ்விடம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததைவிட, அந்தத் தூண்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்து, அம்மாவைக் கைபிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்; அவருடைய இடது தோள் முழுவதும் நனைந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஐயா, அம்மா உங்களை இன்றும் "குடைக்காரர்" என்றே குறிப்பிடுகிறார்.