ஐந்தாண்டுக் கணக்கை ஓராண்டு வளர்ச்சியாகக் காட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பகுதிவாரியாகக் குடும்ப வருமானம் எப்படி மாறுகிறது என்று வரைபடத்தோடு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஒரே ஆண்டில் ஏற்றம் கண்ட பகுதிகள் என்று பலவற்றுக்குப் பச்சை வண்ணம் தீட்டியிருந்தீர்கள். 2015–2019 கணக்குக்கும் 2016–2020 கணக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பச்சை. அதை ஓராண்டு வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகமான சென்சஸ் பீரோ நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே, மாதாமாதம் சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்துக் கேள்வி கேட்கிறது. 65,000 பேராவது வாழும் இடங்களுக்குத்தான் வழக்கமான ஓராண்டுக் கணக்கு கிடைக்கும். சிறிய ஊர்களுக்கும், டிராக்ட் எனப்படும் சின்னப் பகுதிகளுக்கும் ஐந்து ஆண்டுப் பதில்களை ஒன்றாகப் போட்டுத்தான் இடைநிலை வருமானத்தை, அதாவது வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் வீட்டின் வருமானத்தை, கணக்கிடுகிறார்கள். ஆக, நீங்கள் ஒப்பிட்ட இரண்டிலும் 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டுகள் பொது. 2015 வெளியே போய் 2020 உள்ளே வந்தது, அவ்வளவுதான். அந்த 2020-உம் பெருந்தொற்று ஆண்டு. வசதி குறைந்தவர்களிடமிருந்து பதில் சரியாக வராததால் அந்த ஆண்டின் வழக்கமான ஓராண்டுக் கணக்கையே பீரோ வெளியிடவில்லை. பரிசோதனைக் கணக்கு என்று சொல்லித்தான் சில அட்டவணைகளைத் தந்தது. ஐந்தாண்டுக் கணக்கையும் சரிசெய்து 2022 மார்ச்சில்தான் வெளியிட்டார்கள்.

ஒப்பிட வேண்டுமென்றால் 2011–2015-ஐயும் 2016–2020-ஐயும் எடுங்கள். முன்னது 2015 டாலரிலும் பின்னது 2020 டாலரிலும் இருக்கும். விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டு இரண்டையும் ஒரே ஆண்டின் டாலருக்கு மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது, பிழை வரம்பைப் பற்றி, அதாவது மாதிரியிலிருந்து வந்த எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைப் பற்றி, ஒரு வரிகூட இல்லாதது. பீரோ ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே அதைத் தருகிறது, 90 சதவீத நம்பக அளவில். ஒரு டிராக்டின் இடைநிலை வருமானம் முன்பு 60,000 டாலர், பிழை வரம்பு 9,000; இப்போது 66,000, பிழை வரம்பு 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஏறியது 6,000. இரண்டு பிழை வரம்புகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 13,450 வருகிறது. வித்தியாசத்தைவிட அதன் பிழை வரம்பு இரண்டு மடங்குக்கும் மேல்! இந்த இடம் ஏறியதா இறங்கியதா என்றே சொல்ல முடியாது. உங்கள் வரைபடத்தில் இப்படிப்பட்ட இடமும் பச்சையாகத்தான் இருந்திருக்கும்.

சரி, ஏற்றம் உண்மையாகவே இருக்கிறது என்றே கொள்வோம். அங்கே வாழ்கிறவர்கள் முன்னேறினார்கள் என்று அப்போதும் எழுதிவிட முடியாது. ஐந்து வீடுகள், வருமானம் 30, 40, 50, 80, 90 ஆயிரம். இடைநிலை 50. வாடகை கட்ட முடியாமல் முதல் இரண்டு வீட்டாரும் காலி செய்கிறார்கள். அங்கே 85, 95 ஆயிரம் சம்பாதிப்பவர்கள் குடிவருகிறார்கள். இடைநிலை இப்போது 85. பழைய மூன்று வீட்டாருக்கும் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. இருந்தும் கட்டுரை அதை ‘செழிக்கும் பகுதி’ என்று அழைக்கும். வெளியேறிய இரண்டு குடும்பங்கள் எந்த எண்ணிலும் இல்லை. என்னைப் பொறுத்தவரை கட்டுரையின் பெரிய குறை இதுதான்.

எல்லைகளும் மாறுகின்றன என்பதை மறக்க வேண்டாம். பத்தாண்டுக்கு ஒருமுறை டிராக்டுகளை மறுபடி வரைகிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் 2022 கணக்கிலிருந்து எட்டு கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) பதில் ஒன்பது திட்ட மண்டலங்கள். அப்புறம், இரண்டு பகுதிகளைச் சேர்க்கும்போது இரண்டு இடைநிலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது இடைநிலை ஆகாது; வருமானப் பிரிவுவாரியாக வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, அதிலிருந்து புதிதாகக் கணக்கிட வேண்டும்.

சிறிய இடங்களுக்கு நம்பகமாகக் கணிக்க வழியே இல்லை என்று சொல்லவரவில்லை. 1970 சென்சஸில் ஐந்தில் ஒரு வீட்டிடம்தான் வருமானம் கேட்கப்பட்டது. குட்டி ஊர்களில் அப்படிக் கேட்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை போதவில்லை. ஃபே, ஹெரியட் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1979-இல் ஓர் அருமையான வழி சொன்னார்கள். வரிக் கணக்கு, வீட்டு மதிப்பு போன்றவற்றை வைத்து ஒரு கணிப்பு செய்து, அதையும் கேட்கப்பட்ட வீடுகளிலிருந்து கிடைத்த எண்ணையும் அவற்றின் நம்பகத்துக்கு ஏற்றபடி கலக்க வேண்டும். அதே வழியில் வந்ததுதான் பீரோவின் ‘செய்ப்’ (SAIPE) என்ற, சிறிய பகுதிகளின் வருமானத்தையும் வறுமையையும் கணிக்கும் திட்டம். கவுண்டி அளவில் ஆண்டுதோறும் இடைநிலை வருமானத்தைத் தருகிறது. ஓராண்டு மாற்றத்தைப் பற்றி எழுத விரும்பினால் அதை எடுங்கள். அதன் பிழை வரம்பையும் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வித்தியாசம் பிழை வரம்பைத் தாண்டாத இடங்களைச் சாம்பல் நிறத்தில் காட்டி, திருத்திய வரைபடத்தை அடுத்த இதழில் வெளியிடுங்கள். பாதி வரைபடம் சாம்பலாகிவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஒரு வாசகர்