பயிற்சியாளரின் பெயரையும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் 22 வருடங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 2025 ஜூலையில் இத்தாலி வீரர் யானிக் சின்னர் விம்பிள்டன் வென்றபோது உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பெரிய படத்தோடு செய்தி வந்தது. அதை வெட்டி எங்கள் கோர்ட் ஓரத்துக் கொட்டகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் சின்னரின் பயிற்சியாளர்கள் டேரன் கேஹில், சிமோன் வக்னோஸி இருவரின் பெயரும் அந்தச் செய்தியில் எங்குமே இல்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கேஹில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்தவர். 1988 அமெரிக்க ஓப்பனில் ஜெர்மனியின் நட்சத்திர வீரர் போரிஸ் பெக்கரை ஒரு செட்டும் இழக்காமல் வீழ்த்தி அரையிறுதி வரை போனவர். தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் 22. அப்புறம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, ஆட்டக்காரராக அதற்கு மேல் போக முடியவில்லை. என் ஆட்டமும் முழங்காலோடுதான் முடிந்தது என்பதால் அவருடைய கதையை ஆரம்பத்திலிருந்தே கவனித்து வருகிறேன்.

அவர் எட்டாத முதலிடத்தை அவரிடம் பயின்ற நான்கு பேர் எட்டினார்கள். சொந்த ஊர்ப் பையன் லேட்டன் ஹெவிட் 2001-இல் 20 வயதில் உலகின் முதல் நிலை வீரரானார். ஆண்களில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்த இடத்துக்கு வந்ததில்லை. அடுத்து கேஹில் சேர்ந்தது அமெரிக்காவின் ஆண்ட்ரே அகாசியோடு. 2003-இல் 33 வயதிலும் அகாசி முதலிடத்தில் இருந்தார். பொடியனுக்கும் மூத்தவருக்கும் ஒரே மனிதர் பாடம் சொல்லியிருக்கிறார். பிறகு ருமேனிய வீராங்கனை சிமோனா ஹாலெப், அதன் பின் சின்னர்.

ஹாலெப் விஷயத்தைத்தான் எங்கள் பெற்றோர்களிடம் நான் அடிக்கடி சொல்வேன். 2017 மார்ச்சில் மியாமியில் ஜோஹன்னா கோண்டாவிடம் ஹாலெப் தோற்றார். தோற்றது பிரச்சினை இல்லை. ஆட்டம் கைநழுவத் தொடங்கியதும் மனம் விட்டுப் போய் ஆடினார், அதுதான் பிரச்சினை. கேஹில் அவருக்குப் பயிற்சி தருவதை நிறுத்திவிட்டார். ஆட்டத்தில் குறை கண்டு கேஹில் விலகவில்லை, என் நடத்தைக்காகத்தான் விலகினார் என்று ஹாலெப்பே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். தன்னைத் திருத்திக்கொள்ள முனைந்தார், சில வாரங்களில் கேஹிலும் திரும்பி வந்தார். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஒரு செட், அடுத்த செட்டில் 3-0 என்று முன்னிலையில் இருந்தும் ஹாலெப் ஓஸ்தாபென்கோவிடம் தோற்றார். ஆனாலும் அக்டோபரில் முதலிடம் வந்தது. 2018-இல் அதே பாரிஸில், முதல் செட்டை இழந்த பிறகும் ஸ்லோன் ஸ்டீஃபன்ஸை வென்று கோப்பையை வாங்கினார்.

என்னிடம் 13 வயதுப் பெண் ஒருத்தி படிக்கிறாள். அவளுடைய பேக்ஹேண்ட் அவ்வளவு அழகு. ஒரு போட்டியில் இரண்டாவது செட்டில் பின்தங்கியதும் வேண்டுமென்றே பந்தை வெளியே அடிக்க ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. “இரண்டு வாரம் கிளாஸுக்கு வர வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பாவுக்குக் கோபம். “சார், ஃபீஸ் கட்டித்தானே அனுப்புகிறோம்?” என்று கேட்டார். அவரை உட்காரவைத்து மியாமி கதையைச் சொன்னேன். கேஹில் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. சின்னரைத் தெரிந்திருந்தது. பதினாறாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அவரே வந்தார்.

பயிற்சியாளர் என்பவர் பந்து போட்டுக் கொடுக்கிற ஆள் என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். ஒரு போட்டியில் தோற்றால் உடனே கோச்சை மாற்றுகிறார்கள். சின்னருக்கு வக்னோஸி, கேஹில் என்று இரண்டு பேர் இருந்தும், நீயா நானா என்ற போட்டி இல்லாமல் சேர்ந்து உழைத்தார்கள். 2025 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்ட் வாய்ப்பை மூன்று முறை கோட்டைவிட்டு, ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸிடம் தோற்ற பையனை, ஐந்தே வாரத்தில் அதே அல்கராஸுக்கு எதிராக விம்பிள்டன் இறுதியில் இறக்கினார்கள். முதல் செட் போனது, அடுத்த மூன்றும் 6-4, 6-4, 6-4. அந்த வருடத்தோடு ஓய்வுபெற இருந்த கேஹில், ஃபைனலுக்கு முன் சின்னரோடு ஒரு பந்தயம் கட்டியிருந்தார். சின்னர் வென்றால், கேஹில் தொடர்வதா வேண்டாமா என்பதைச் சின்னரே முடிவு செய்யலாம்! அந்த வெற்றிச் செய்தியில் இது இல்லாமல் போனதே என்றுதான் என் ஆதங்கம்.

இனி கிராண்ட்ஸ்லாம் முடிவுகளை வெளியிடும்போது வென்றவரின் பயிற்சியாளர் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். மாவட்ட, மாநில அளவுச் செய்திகளிலும் அப்படியே. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேஹிலைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை போடுங்கள். கொட்டகைச் சுவரில் சின்னர் படத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
டென்னிஸ் பயிற்சியாளர் ஒருவர்,
சேலம்.