டெஹ்ரி அணை தாங்கும், சரி, அடிவாரத்தில் இருப்பவர்கள்?

தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தாருக்கு,

வணக்கம். கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து ரயிலேறுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ரிஷிகேசப் படித்துறையில் நிற்கும்போது, மேலே கங்கையின் கிளையாறான பாகீரதியை மறித்து 260.5 மீட்டர் உயரத்துக்கு டெஹ்ரி அணை இருக்கிறது என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எனக்கும் இருந்ததில்லை.

டெஹ்ரியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, பெரிய நிலநடுக்கத்தையும் தாங்கும் என்ற பதில்தான் வருகிறது. தாங்கலாம். நடுவில் களிமண்ணும் சுற்றிலும் மண்ணும் பாறையுமாக நிரப்பிய அணை, கான்கிரீட்டைப் போல விறைத்து நிற்காது, குலுங்கினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். 2008 சீன நிலநடுக்கத்தில், மையத்துக்குப் பக்கத்திலேயே இருந்த ஸிபிங்பு பாறை அணை சேதத்தோடு தப்பியது. ஆகவே அணை உடையும் என்று பயங்காட்ட இதை எழுதவில்லை.

என் கவலை மலையைப் பற்றி. இத்தாலியின் வயோந்த் அணையும் ஏறக்குறைய டெஹ்ரி உயரம்தான். 1963 அக்டோபர் 9 இரவு, பக்கத்து மலைச்சரிவு அப்படியே நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. அலை அணையைத் தாண்டிக் குதித்து, கீழே லோங்கரோனே ஊரைத் துடைத்துவிட்டது. கிட்டத்தட்ட 2,000 பேர் போனார்கள். அணை மட்டும் இன்றும் நிற்கிறது! அங்கே நிலநடுக்கம்கூட வரவில்லை. டெஹ்ரி இருக்கிற கார்வால் மலைகளோ 1991இல் உத்தரகாசியிலும் 1999இல் சமோலியிலும் குலுங்கியவை. 1905இல் பெரிய நிலநடுக்கம் வந்த காங்ராவுக்கும் 1934இல் வந்த பீகார்–நேபாளத்துக்கும் இடைப்பட்ட இந்த இமயப் பகுதியில் பெரிய நிலநடுக்கம் நெடுங்காலமாகப் பாக்கி இருக்கிறது என்று அறிவியலாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம், 2021 பிப்ரவரி 7. பாறையும் பனியும் சரிந்து, அதே கார்வால் மலைகளில் ஓடும் ரிஷிகங்கை ஆற்றில் வெள்ளம் வந்தபோது, தபோவன் நீர்மின் திட்டத்தின் சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. அந்த வெள்ளத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 200 பேருக்கு மேல்.

அதே ஆண்டு டிசம்பர் 30இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க அது தந்த கெடு ஐந்து ஆண்டு. டெஹ்ரிக்கான திட்டம் ஆங்கிலக் கோப்பாக அலமாரியில் இருந்தால் யாருக்கு என்ன பயன்? தண்ணீர் எந்தத் தெருவரை ஏறும், வந்து சேர எத்தனை நிமிடம், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை இந்தியிலும் கார்வாலியிலும் எழுதி, தேவப்பிரயாகையிலிருந்து ஹரித்துவார் வரை ஊர் ஊராக ஒட்டச் செய்யுங்கள். மலைச்சரிவு அளவீடுகளையும் நிலநடுக்கப் பதிவுகளையும் பொதுவில் வெளியிடச் சொல்லுங்கள்.

எங்கள் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால், எந்த எண்ணுக்குப் படகை இழுத்துக் கட்ட வேண்டும் என்று பள்ளிக்கூடம் போகாத மீனவருக்கும் தெரியும். ரிஷிகேசப் படித்துறையில் பூ விற்கிற அம்மாவுக்கும் அபாயச் சங்கின் ஒலி அதே அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை, யாத்திரைக் கூட்டம் நெரிகிற நாளிலேயே, அதை ஊதி ஒத்திகை நடத்துங்கள். முழுக்கைப் பாதியில் விட்டுவிட்டு மேடேற நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கங்கைக்கு வந்துபோகும் ஒரு தமிழ் யாத்ரீகன்