டிக்கியில் வெள்ளம்: பூசுவதற்கு முன் தேடுங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. முதல் நாலைந்து மழை பெய்து முடிந்ததும் பழைய எஸ்டீம், ஆக்சென்ட், சிட்டி, 2008-ல் வந்த முதல் டிசையர் என்று பட்டறை வாசலில் வண்டிகள் வந்து நிற்கும். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "டிக்கியில வெள்ளம் கேறுது", அதாவது டிக்கிக்குள் தண்ணீர் ஏறுகிறது. பலவற்றில் ஏற்கெனவே யாராவது சிலிக்கான் பூசியிருப்பார்கள். கண்ட இடமெல்லாம் பூசியிருக்கும், தண்ணீர் வரும் இடம் மட்டும் விட்டுப்போயிருக்கும். மழைக்கு முன்பே நீங்கள் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதையும், பட்டறையில் நாங்கள் என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடத்தான் இந்த மடல்.

தண்ணீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும் ஒன்றல்ல. டிக்கியில் ஆகத் தாழ்ந்த இடம் ஸ்டெப்னி குழி. பின்கண்ணாடியின் மூலையில் நுழைந்தாலும் டெயில் லாம்ப் வழியாக நுழைந்தாலும், பக்கத் தகட்டின் உள்புறமாக, கார்ப்பெட்டுக்குப் பின்னால் ஒளிந்து இறங்கி அந்தக் குழியில்தான் வந்து நிற்கும். குழியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. குழியிலிருந்து மேலே போகும் கோட்டைப் பார்க்க வேண்டும். தூசி கரைந்து ஓடிய தடம், மெல்லிய துருக்கோடு, பெயின்ட் மங்கிய பட்டை என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். கார்ப்பெட்டையும் பக்க அட்டைகளையும் கழற்றாமல் அதைப் பார்க்க வழியில்லை.

வண்டியைக் கொண்டுவரும் முன் ஒரு விஷயத்தைக் கவனித்து வையுங்கள்: எப்போது நனைகிறது? நிறுத்தியிருக்கும்போது பெய்த மழையில் நனைந்தால் குற்றம் மேலே: பீடிங் (டிக்கி வாயைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டை), லாம்ப், கண்ணாடி, கூரை. மழை நின்ற பிறகு ஈரச் சாலையில் ஓடினாலே நனைகிறதென்றால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது. அப்போது மட்கார்டு உள்புறத் தையல்களையும் (தகடும் தகடும் சேரும் கோடுகள்), அடித்தகட்டு ஓட்டைகளின் ரப்பர் மூடிகளையும், பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்போக்கியையும் (வண்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் திறப்பு) பார்க்க வேண்டும். வாட்டர் வாஷில் மட்டும் நனைந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அந்த அழுத்தத்தில் நல்ல பீடிங்கும் கொஞ்சம் விடும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வீட்டு வாசலே ஏற்றமாக இருக்கும். மூக்கு மேலாக நிறுத்தினால் தண்ணீர் பின்பக்க லாம்ப் மூலைகளில் சேரும். மூக்கு கீழாக நிறுத்தினால் பின்கண்ணாடியின் அடியில் தேங்கும், சில வண்டிகளில் பின்சீட்டுக்கு அடியிலும் போய்ச் சேரும். எப்படி நிறுத்துவீர்கள் என்று சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சோதனைக்கு முன் டிக்கி முழுக்கக் காய வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, அட்டை, கார்ப்பெட், அதன் அடியில் இருக்கும் பஞ்சு என எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பஞ்சு, கையால் அழுத்தினால் தண்ணீர் விடும். குறைந்தது இரண்டு நல்ல வெயில் வேண்டும். பிறகு தகட்டுத் தையல்கள், லாம்ப் அடிப்பகுதி, டிக்கி வாயைச் சுற்றித் தண்ணீர் வடியும் ஓடையின் உள்பக்கம் எல்லாம் மெல்லிசாகக் கோலப்பொடியைத் தூவுங்கள். கல்மாவுக் கோலப்பொடியாக இருக்கட்டும். அரிசிமாவு கூழாகிவிடும், எறும்பும் வரும். தண்ணீர் ஓடினால் பொடியில் கோடு விழும்.

தண்ணீர் விட இருவர் வேண்டும். பின்சீட்டின் சாய்வைக் கழற்றி அல்லது மடக்கி, ஒருவர் அந்த வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சீட் பக்கம் திறக்காத வண்டியில் ஆளை டிக்கிக்குள் வைத்து மூடவே கூடாது, குழந்தைகளை விளையாட்டுக்கும் உள்ளே விடாதீர்கள். அரை இஞ்ச் ஹோஸில் நாசில் இல்லாமல் தண்ணீர் சும்மா வழிந்தால் போதும். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் பம்பர் மட்டம், பிறகு ஒவ்வொரு டெயில் லாம்பும், பிறகு டிக்கி ஓடை, கண்ணாடியின் அடி, கண்ணாடியின் தலை, கடைசியாகக் கூரைப் பட்டை. ஓரிடத்தில் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் கீழே இருப்பதெல்லாம் சேர்ந்து நனையும், எது குற்றவாளி என்று தெரியாது. அவசரப்பட்டு ஒரு நிமிடத்தில் அடுத்த இடத்துக்குப் போனால், முந்தின இடத்துத் தண்ணீர் அப்போதுதான் உள்ளே சொட்டத் தொடங்கும். நாம் தவறான இடத்தைப் பிடித்துவிடுவோம்.

மழைநாளில் தண்ணீர்ச் சோதனைக்கு வழியில்லையென்றால் சோப்புத் தண்ணீர். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, பம்பர் பக்கக் காற்றுப்போக்கியை டேப் போட்டு அடைத்து, வெளிக்காற்று நிலையில் ஏசி ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை உள்ள இடத்தில் நுரை கொப்புளிக்கும்.

இனி குற்றவாளிகள். முதலில் டிக்கி பீடிங். பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம். ரூபாய் நோட்டு அளவு காகிதத்தை ஓரத்தில் வைத்து மூடியைப் பூட்டி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரிப் பிடிப்பு இருக்க வேண்டும். ஓரிடத்தில் லேசாக உருவி வந்தால் அங்கே ரப்பர் அமுங்கிச் செத்துவிட்டது, அல்லது மூடி சரியாக உட்காரவில்லை. மூடிதான் பிரச்சினையென்றால் புது பீடிங் வாங்க அவசரப்பட வேண்டாம். ஓரத்து ரப்பர் முட்டுகளைக் கொஞ்சம் உள்ளே திருகி, பூட்டுக் கொக்கியை ஒரு மயிரிழை கீழே இறக்கினாலே பல வண்டிகளில் சரியாகிவிடும்.

பீடிங்கை மாற்றினால் பழையதை உருவிய பிறகு அடித்தகட்டு விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே துரு இருக்கும். அதைச் சுரண்டி, துரு மாற்றி தடவி, பிரைமரும் பெயின்டும் அடித்து, காய்ந்த பிறகுதான் புதியது ஏற வேண்டும். துருவின் மேல் ஏற்றிய பீடிங்கின் உள் கிளிப் கடிக்காது. ஒட்டு முனை எப்போதும் கீழே நடுவில், பூட்டுக்கு அருகே வர வேண்டும். மேலே வந்தால் அந்த ஒட்டு வழியாகவே தண்ணீர் இறங்கும். மூலைகளில் இழுக்காமல் கொஞ்சம் தாராளமாக விட்டு அழுத்துங்கள். இழுத்துப் போட்ட ரப்பர் நாளடைவில் சுருங்கி மூலையில் தூக்கிக்கொள்ளும். வெயிலில் அரை மணி நேரம் கிடந்த பீடிங் எளிதாக வளையும்.

அடுத்தது டெயில் லாம்ப். பின்னால் எட்டு அல்லது பத்து எம்எம் நட்டுகள் சில இருக்கும். நடுவில் இருக்கும் ஸ்பாஞ்சு கேஸ்கட் காலப்போக்கில் பப்படம் மாதிரி நொறுங்கும். அதற்கு மேலே சிலிக்கான் பூசுவது வீண். லாம்பைக் கழற்றி, பழைய ஸ்பாஞ்சை முழுக்கச் சுரண்டி, பியூட்டைல் கயிற்றை (கயிறு வடிவில் வரும் ஒட்டும் ரப்பர்) விளிம்பு முழுதும் ஒரே துண்டாக, முனை கீழே வரும்படி ஒட்ட வேண்டும். பியூட்டைல் இறுகாது, நாளைக்கு பல்பு மாற்றவும் லாம்பைக் கழற்றலாம். நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒன்றை மட்டும் ஓங்கி முடுக்கினால் பிளாஸ்டிக் காது உடையும்.

பின்கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. அம்பாசடரில் இருப்பது போல ரப்பர் சட்டத்தில் உட்காரும் கண்ணாடி என்றால், வெளி உதட்டை மெல்லத் தூக்கி, இறுகாத வகைப் பசையை உள்ளே செலுத்தினால் பெரும்பாலும் போதும். பின்னாளில் வந்த, யூரித்தேன் பசையால் ஒட்டிய கண்ணாடியில் இந்த வைத்தியம் செல்லாது. அடி மூலைகளில் தகடு துருப்பிடித்துப் பசையைத் தூக்கியிருக்கும். கண்ணாடியைக் கழற்றி, துருவைத் தீர்த்து, பிரைமர் அடித்து, புதிதாக ஒட்ட வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கும் மனம் வராது. "மேலேயே கொஞ்சம் பூசித் தாங்க" என்பார்கள். பூசினால் அந்த மழைக்காலம் ஓடும், அடியில் துருவும் ஓடும். புதிதாக ஒட்டிய பிறகு ஒருநாள் முழுக்க ஏதாவது ஒரு கதவுக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வையுங்கள். எல்லாம் அடைத்த வண்டியில் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே ஏறும் காற்றழுத்தம் ஈரப்பசையைத் தள்ளி ஓட்டை போட்டுவிடும்.

கூரையின் இரண்டு ஓரத்திலும் ஓடும் பட்டையைத் தூக்கினால் அடியில் தையல் பசை வெடித்திருப்பது தெரியும். வெடித்ததைச் சுரண்டிவிட்டு பியு (பாலியூரித்தேன்) சீலர் போட வேண்டும். இது காற்றின் ஈரத்தை எடுத்து இறுகும் பசை, நம்மூர்ப் புழுக்கத்தில் நன்றாகவே இறுகும். ஆனால் பூசும் தகடு மட்டும் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பிறகு, வண்டி வாங்கிய பின் நாமே போட்ட ஓட்டைகள்: ஸ்பாய்லர், ரிவர்ஸ் கேமரா, சென்சார் ஒயர், எல்பிஜி குழாய். ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ் இல்லாமல் இருந்தால் ஒயரின் மேலேயே தண்ணீர் வழுக்கி உள்ளே வரும். ஒயரை நுழைவாய்க்கு முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் சொட்டு அங்கேயே விழுந்துவிடும். பின்னால் இடிபட்டு டிங்கர் வேலை பார்த்த வண்டியில் புதுத் தகட்டுத் தையலுக்குச் சீலர் போட்டார்களா என்று பாருங்கள். பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது.

செய்யக்கூடாதவை சில. ஸ்டெப்னி குழியில் ட்ரில் போட்டுத் தண்ணீரை வடிக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாகச் சேறும் சைலன்சர் புகையும் ஏறும், ஓட்டை ஓரத்தில் துரு தொடங்கும். குழியில் ரப்பர் மூடி இருந்தால் அதைத் திறந்து வடித்துவிட்டுத் திரும்ப அழுத்தி மூடுங்கள். புளித்த காடி வாசனை வரும் சிலிக்கானைத் தகட்டில் பூச வேண்டாம். குளியலறைக் கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் போடும் வகை அது. இறுகும்போது வெளியிடும் அசெட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். கல்லாக இறுகும் எபாக்ஸி மாவும் வேண்டாம், தகடு அதிரும்போது விட்டுவிடும். பீடிங்கை டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் கொண்டு துடைத்தால் ரப்பர் உப்பித் தளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தொட்டுத் தடவினால் போதும்.

தண்ணீர் வரும் வழியில் சைலன்சர் புகையும் வரலாம். டிக்கி நனையும் வண்டியில் உள்ளே புகை வாசனை அடித்தால் அதை முதலில் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது ஆபத்து.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி எனக் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருங்கள். உப்புக்காற்றில் ஓடைக்குள் படிந்த உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அந்த ஓடையைக் கழுவிவிட வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று மழையைப் படுக்கையாக அடிக்கும், அங்கே மேலே நனையாத பீடிங்கும் பக்கவாட்டில் நனையும்.

ரப்பர்த் தோட்டத்துக்குள் வண்டி நிறுத்துகிறவர்கள் டிக்கியைத் திறந்து, மூடியின் கீல் பக்க மூலைகளில் விரலை விட்டுப் பாருங்கள். மார்கழி, தையில் உதிர்ந்த இலை இன்னும் அங்கே மக்கிக் கறுத்த சேறாகக் கிடக்கும். ஓடையின் வடிகால் அதில் அடைபட்டால் தண்ணீர் ஏறி ஏறி பீடிங்கின் உதட்டைத் தாண்டும், பீடிங் புதிதாக இருந்தாலும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தால் பத்து நிமிட வேலை. இதை மட்டும் செய்துவிட்டு எங்களிடம் வராமலே போகிறவர்களும் உண்டு. அது எங்களுக்குச் சந்தோஷம்தான்.

வர வேண்டியிருந்தால் டிக்கிச் சாமான்களை வீட்டில் இறக்கிவிட்டு, முந்தின நாள் வண்டியைக் கழுவாமல், புதிதாக எதையும் பூசாமல் காலையிலேயே கொண்டுவாருங்கள். தேட அரைநாள் ஆகும். பீடிங்கோ லாம்போ என்றால் அன்று மாலையே தந்துவிடலாம். கண்ணாடி கழற்ற வேண்டியிருந்தால் வண்டியை இரண்டு நாள் விட வேண்டும், அதற்கு மழை இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்வோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து,
நாகர்கோவில்