பிள்ளைகளை ரீடைக் கடிக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கல்யாண பேண்டு செட் கலைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். நம்ம ஊர்ப் பக்கத்து வாத்தியக்காரர்களை மரியாதையோடு எழுதியிருந்தீர்கள், நன்றி. ஆனால் டெனர் சாக்ஸபோனில் உச்ச ஸ்வரங்களைப் பிடிக்க நுரையீரலில் பலமும் கெட்டியான ரீடும் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) இருந்தால் போதும் என்று ஒரு வரி வந்திருக்கிறது பாருங்கள், அது தவறு. அதைப் படித்துவிட்டு எத்தனை அப்பாக்கள் பிள்ளைக்கு அப்படிக் கெட்டியான நாலாம் நம்பர் ரீட் வாங்கிக் கொடுப்பார்களோ என்ற பதற்றத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டெனரில் இருக்கும் விசைகள் எல்லாம் மேல் எஃப் ஸ்வரம் வரைக்கும்தான், புதிய கருவிகளில் எஃப் ஷார்ப் வரை. அந்த எஃப் காதில் கேட்பது ஏறக்குறைய 622 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே தனியாக விசை கிடையாது, ஆனால் ஸ்வரங்கள் உண்டு, பழகினவர்களுக்கு இன்னொரு ஸ்தாயிக்கு மேலும் போகும். அந்தப் பகுதியைத்தான் ஆல்டிசிமோ என்கிறார்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஜான் கோல்ட்ரேன், மைக்கேல் பிரெக்கர் இருவரும் அங்கே ஏறி வாசித்ததைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வெறும் கத்தல் இல்லை, கீழே வாசித்த அதே பாட்டின் தொடர்ச்சி.

அது எப்படி வருகிறது என்பதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 2008இல் சிட்னி நகரத்து நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், அதுவும் டெனர் சாக்ஸபோனையே வைத்து, வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸுக்குள் அளவுக் கருவி பொருத்தி, ஆள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கும் தொண்டைக்கும் உள்ளே இருக்கும் ஒத்ததிர்வை, அதாவது உள்ளிருக்கும் காற்று எந்த ஸ்வரத்துக்குச் சேர்ந்து அதிர்கிறது என்பதை, அளந்தார்கள். சாதாரண ஸ்தாயியில் குழலே தன் ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே போகப் போக குழலின் ஒத்ததிர்வு பலவீனமாகிவிடுகிறது. அந்த இடத்தில் தேர்ந்த கலைஞர்கள் நாக்கையும் தொண்டையையும் மாற்றி, வாய்க்குள் இருக்கும் ஒத்ததிர்வை வாசிக்கப்போகும் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அனுபவம் குறைந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை, அவர்களுக்கு மேல் ஸ்வரமும் வரவில்லை. ஆக, எவ்வளவு மூச்சு இருந்தாலும் தொண்டை அந்த இடத்துக்குச் சேராவிட்டால் விரல் மட்டும் போய் நிற்கும், ஸ்வரம் கீழேயே உடைந்து விழும்.

லாஸ்பேட்டையிலிருந்து என்னிடம் வரும் ஒரு பிளஸ் ஒன் பையனின் மவுத்பீஸைப் பார்த்தால் போதும். மேல்பல் பதிந்த இடத்தில் குழியே விழுந்திருக்கிறது. கீழுதட்டின் உள்பக்கம் வெட்டு. "சார், கடிக்கலைன்னா சத்தம் மேலே போகவே மாட்டேங்குது" என்றான். கடித்தால் ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். சத்தம் மெலிந்து கீச்சென்று ஸ்ருதி ஏறி நிற்கும், அதையே மேல் ஸ்வரம் என்று நம்பிவிடுவார்கள். அவனுக்கு இப்போது கொடுத்திருக்கும் பயிற்சி இதுதான்: எல்லாத் துளையையும் மூடி அடி பி ஃபிளாட்டைப் பிடி, மேல் ஸ்தாயிக்குத் தூக்கும் ஆக்டேவ் விசையைத் தொடாதே, விரலை அசைக்காமல் அதற்கு மேலே இருக்கும் மேற்சுரங்களை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவா. அடி ஸ்வரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் முதலில் மேல் ஸட்ஜம், அப்புறம் பஞ்சமம், மறுபடி ஸட்ஜம், அதற்கு மேலே அந்தர காந்தாரம். நல்ல ஸ்ருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாமலே காதில் விழும் அதே காந்தாரம்தான். அது வந்த அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், கடிக்கவே இல்லை, நாக்கின் பின்பக்கம் மட்டும் லேசாக எழும்பியது.

இதோடு மவுத்பீஸை மட்டும் தனியாக எடுத்து ஊதி, தாடையை அசைக்காமல் ஜாரு கொடுப்பதுபோல் வழுக்கி ஸ்வரத்தைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றிப் பழகலாம். விரல் வரிசை எல்லாம் பிறகுதான். ஆக்டேவ் விசையோடு இடதுகை நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் வைத்தால் பல டெனர்களில் மேல் ஏ கிடைத்துவிடும். அதற்குக் கீழே இருக்கிற ஜி ஸ்வரம்தான் தலைவலி, ஒரு கருவிக்குச் சரியாக வரும் வரிசை அடுத்த கருவியில் அடம் பிடிக்கும். அட்டவணையை மனப்பாடம் பண்ணி ஒன்றும் ஆகாது.

நாகஸ்வரக்காரர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை. நாகஸ்வரமும் சாக்ஸபோன் மாதிரி அடி அகலும் கூம்புக் குழல், அதில் விசையே கிடையாது, ஒரே துளையில் மூச்சையும், ரீட் மாதிரி வாயில் வைக்கும் சீவாளியையும் வைத்துத்தான் ஸ்வரத்தை நகர்த்துகிறார்கள். கத்ரி கோபால்நாத் அவர்கள் அப்பாவிடம் முதலில் நாகஸ்வரம் கற்றுக்கொண்டவர், பிறகுதான் சாக்ஸபோனுக்கு வந்தார். அவர் வாசித்தது டெனரைவிடச் சிறிய ஆல்டோ, டெனர் இல்லை, ஆனாலும் அந்தக் கமகங்களுக்குப் பின்னால் நாகஸ்வரம் பழகிய வாய் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். வில்லியனூரிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கோயில் புறப்பாட்டில் வாசிக்கிற ஒரு வித்வானிடம் நம் சாக்ஸ் பிள்ளைகள் போய் உட்கார்ந்து கேட்டால் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மவுத்பீஸைவிடப் பலன் அதிகம்.

இன்னொன்று, கடற்கரை ஊரில் இருக்கிறோம். உப்புக் காற்றில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும், துளையை மூடும் பேட் ஊதிப்போகும், எங்கேயோ மயிரிழைக்குக் காற்று கசியும். அப்படிப்பட்ட கருவியில் அடி பி ஃபிளாட்டே ஒழுங்காகப் பேசாது, மேற்சுரம் எங்கிருந்து வரும்? ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, குழலுக்குள் ஒரு எல்இடி சரவிளக்கை இறக்கி, துளைகளை மெதுவாக மூடிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் காற்றும் கசியும். பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ரீட் விஷயத்தில் இரண்டரை, மூன்றாம் நம்பரிலேயே பெரும்பாலானவர்கள் தாராளமாகப் பழகலாம். பள்ளிப் போட்டிகளில் நடுவராக உட்காருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யார் அதிக உயரம் போனார் என்று மதிப்பெண் போடாதீர்கள், அடி ஸ்வரம் எத்தனை நேரம் ஆடாமல் நிற்கிறது என்று கேளுங்கள்.

ஜூன் 21 இசை விழா வருகிறது. பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்தும் அந்த விழாவில் மேடை ஏறுவதற்காக இப்போதே நிறையப் பிள்ளைகள் வீட்டில் உதடு வீங்க ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் திருத்தம் போட்டு, முடிந்தால் இந்த வார இணைப்பிலேயே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
டெனர் வாசிக்கும் ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.