மாத்திரைப் பையில் வந்த வேப்

தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த் மருந்துக்கடைக்காரர்களுக்கு,

வணக்கம். எந்தக் கடை என்று பெயர் போடவில்லை. போட்டால் ஒருவர் தலையில் பழி விழும், மற்றவர்கள் தப்பித்தோம் என்று இருந்துவிடுவீர்கள். தமிழில் எழுதினால் உங்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் தெரியும். பரவாயில்லை, வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விஷயம் சின்னது. கல்லாப் பக்கத்தில், சூயிங்கம்முக்கும் தொண்டை மிட்டாய்க்கும் நடுவில் கலர் கலராக வேப், அதாவது நிக்கோடின் ஆவி இழுக்கும் மின்சிகரெட், அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதை அங்கிருந்து எடுங்கள்.

என் வீட்டுக்காரர் நாற்பது வருஷமாக சிகரெட் பிடிப்பவர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு மனம் இறங்கி, மாத மாத்திரை வாங்கப் போனபோது, சிகரெட் பழக்கத்தை நிறுத்த மெல்லும் நிக்கோடின் கம்மும் கேட்டிருக்கிறார். அவர் தானாகக் கேட்டதே எனக்குப் பெரிய விஷயம். கம் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்களாம். கல்லாவில் இருந்த பெண், "அங்கிள், அதுவரைக்கும் இதைப் பாருங்க, சிகரெட்டை விட நல்லது" என்று ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன், விற்கச் சொன்னதை விற்றாள். மருந்தாளர் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார், அவருக்கு இது நடந்ததே தெரியாது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, மாம்பழ வாசனை வேப், மூன்றும் ஒரே வெள்ளைப் பையில் வீட்டுக்கு வந்தன.

முன்பெல்லாம் சிகரெட் வேண்டுமென்றால் பின்வாசல் தாண்டி மாமரத்தடிக்குப் போகவேண்டும், வீட்டுக்குள் நான் விடமாட்டேன். மழை பெய்தால் ஒன்று குறையும், குளிரென்றால் இரண்டு குறையும். இதற்கு மாமரமும் வேண்டாம், நெருப்புப் பெட்டியும் வேண்டாம். டீவி முன்னால் ஒரு இழுப்பு, குளியலறையில் ஒரு இழுப்பு. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துப் பார்த்தால் போர்வைக்குள் குட்டியாக ஒரு நீல விளக்கு எரிகிறது, என்னவோ என்று பயந்தே போனேன். சிகரெட்டாவது நின்றதா என்றால் அதுவும் இல்லை, பதினைந்து பத்தானது, அவ்வளவுதான். பெட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தது. அதாவது ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் நிக்கோடின். நீங்கள் ஸ்டாக் இல்லை என்ற கம்மில் ஒன்றுக்கு 2 அல்லது 4 மில்லிகிராம்தான்.

அப்புறம் பேரன். பதின்மூன்று வயது. ஸ்கூல் பிளேசரில் மாம்பழ வாசனை வந்ததும் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் பயமில்லாமல், "தாத்தா மருந்துதானே ஆயா, மாத்திரை டப்பாவில்தானே இருந்தது" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. டப்பாவில் போட்டது தாத்தா, பையில் போட்டது நீங்கள்.

இவன் ஒருத்தன் கதை இல்லை. கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 உயர்நிலைப் பள்ளிகளில் 25,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர் வேப் இழுப்பதாகத் தெரிந்தது. அதில் பலருக்குக் காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வேண்டுமாம்.

வேப்பால் சிலர் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் மருந்து விற்கிற மாதிரி விற்கவேண்டியதுதானே? கோடீன் கலந்த இருமல் மருந்து கேட்டால் என் பெயர், விவரமெல்லாம் புத்தகத்தில் எழுதுகிறீர்கள், ஒரு பாட்டிலுக்கு மேல் கேட்டால் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். வேப்புக்கு ஒரு கேள்வி இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூட இல்லை, அந்த மாத்திரையைக் கொடுத்ததே நீங்கள்தான். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து மருந்துக்கடையில் மட்டும்தான் வேப் விற்கலாம். அக்டோபரிலிருந்து பெரியவர்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமலும் கிடைக்கும், ஆனால் நிக்கோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, மாம்பழமும் பபிள்கம்மும் கிடையாது, மருந்தாளரே பேசித்தான் கொடுக்கவேண்டும். அதற்கே அங்கே பல மருந்துக்கடைகள் இது எங்கள் வேலையில்லை என்று விற்க மறுத்துவிட்டன. இங்கே யாரும் கட்டாயப்படுத்தாமலே நீங்கள் கல்லாப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

சட்டம் தடுக்கவில்லையே என்பீர்கள். தெரியும். வேப்பையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது, மாகாணம் மாகாணமாகக் கூட்டம் போட்டு ஜனங்களைக் கேட்டார்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரிக்கு மட்டும் இந்தத் தாமதம் இல்லை, 2023 ஜூன் 1 முதல் மில்லிக்கு 2 ராண்ட் 90 சென்ட் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். வயது கேட்கத்தான் இந்த அரசாங்கத்துக்கு நேரமில்லை. 2020 லாக்டவுனில் ஐந்து மாதம் சிகரெட்டே விற்கக்கூடாது என்றவர்களும் இவர்கள்தான். அப்போதுகூட என் வீட்டுக்காரருக்கு லூஸ் டிரா, அதாவது ஒன்றொன்றாக விற்கும் சிகரெட், கிடைத்தது, விலைதான் எங்கேயோ போனது. சரி, அவர்களைத் திட்டி ஒரு தனி மடல் எழுதவேண்டும், இது உங்களுக்கு.

மூலைக் கடையில் வேப் விற்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன், அங்கே வாங்குவதை யாரும் மருந்து என்று நம்பமாட்டார்கள். உங்களை நம்புகிறோம். டாக்டரிடம் போகக் காசில்லாத நாளில் உங்கள் வாசலில்தான் நிற்கிறோம், நீங்களும் எத்தனையோ தடவை உதவியிருக்கிறீர்கள், அதை மறக்கவில்லை.

அதனால் மரியாதையாகவே கேட்கிறேன். அந்த ஸ்டாண்டைக் கல்லாப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விற்றே தீரவேண்டுமென்றால் உள்ளே வையுங்கள், மருந்தாளரே வயது கேட்டு, என்ன வியாதி என்று கேட்டுக் கொடுக்கட்டும், மாத்திரைப் பையில் மட்டும் சேர்த்துப் போடாதீர்கள்.

26ஆம் தேதி மாத்திரை வாங்க இந்தத் தடவை நானே வருகிறேன். கம் வரவழைத்து வையுங்கள், 4 மில்லிகிராம்.

இப்படிக்கு,
மாதா மாதம் உங்கள் கடை வரிசையில் நிற்கும் ஒரு ஆயா