வேலை பார்க்கும் நர்சுக்குப் பட்டம்: எது செல்லும், எது செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருங்கல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்சாக இருக்கிறேன். பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்தவள். போன வாரம் நாளிதழுக்குள் மடித்து வைத்து வந்த ஒரு நோட்டீஸைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 'வேலையை விட வேண்டாம், வகுப்புக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே ஆன்லைனில் பி.எஸ்சி. நர்சிங்' என்று அச்சடித்து, மார்த்தாண்டத்தில் ஒரு முகவரியும் செல்பேசி எண்ணும் போட்டிருந்தார்கள். காலையில் ஹேண்ட் ஓவர் கொடுக்கும் நேரத்தில் அது எங்கள் வார்டில் கை மாறிக்கொண்டிருந்தது. ஜூனியர் பிள்ளைகள் இரண்டு பேர் சீட்டுப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டலாமா என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த எண்ணுக்குப் பேசிப் பார்த்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டதற்கு, "வடக்க உள்ளது அக்கா, அட்மிஷன் போட்டதும் பேரு சொல்லுவோம்" என்றார் ஒரு தம்பி. சரி, நம் கவுன்சிலில் பதிவாகுமா என்று கேட்டேன். "டிகிரி கையில வந்தா போதாதா அக்கா?" என்றார்.

போதாது. ஜி.என்.எம். முடித்த எல்லாரும் சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள், தாதியர் கவுன்சிலில் பதிவு பெற்றுத்தான் வேலைக்கு வருகிறோம். அதற்கப்புறம் வாங்குகிற பட்டமும் அங்கே கூடுதல் தகுதியாக ஏற வேண்டும். ஏறாத பட்டத்தை வைத்துக்கொண்டு எம்.எஸ்சி. நர்சிங் சேர முடியாது, நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கப் போக முடியாது. வளைகுடா நாட்டுக்கு விண்ணப்பித்தால் சான்றிதழ்களை ஆராயும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளும். ஆன்லைனில் நடத்தக் கூடாத படிப்புகள் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பட்டியலே வெளியிட்டிருக்கிறது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி இவற்றோடு நர்சிங்கும் அதில் இருக்கிறது. ஆக, முழுக்க வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங் என்று யார் விற்றாலும் நம் நாட்டில் அது செல்லாத சரக்கு.

பிள்ளைகள் ஏன் நம்புகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் நர்சாக இருக்கும் சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. "அமெரிக்காவில் எல்லாரும் ஆன்லைனில்தானே டிகிரி எடுக்கிறார்கள்" என்று போனில் கேட்டதை வைத்துப் பேசுகிறார்கள். எடுக்கிறார்கள், உண்மைதான். என் சித்தி மகளே நியூயார்க் பக்கம் அப்படித்தான் படித்தாள். ஆனால் அவள் முதலில் அங்கே ஒரு கம்யூனிட்டி கல்லூரியில் 2 ஆண்டுப் படிப்பை நேரில் படித்தாள், ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தாள், என்கிளெக்ஸ் என்ற நர்சு உரிமத் தேர்வு எழுதிப் பதிவு வாங்கினாள். வேலையில் சேர்ந்த பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த மாநிலத்தில் 2017-இல் ஒரு சட்டமே வந்தது: புதிதாகப் பதிவு பெறும் நர்சுகள் 10 ஆண்டுக்குள் பட்டம் முடிக்க வேண்டும். அதனால் வேலையோடு படிக்க வழி வைத்திருக்கிறார்கள். அவள் ஆன்லைனில் படித்தது ஆராய்ச்சி முறை, புள்ளியியல், சமூக நலம், நிர்வாகம். ஊசி போடவும் டிரெஸ்ஸிங் செய்யவும் யாரும் அவளுக்கு வீடியோவில் சொல்லிக்கொடுக்கவில்லை. சமூக நலப் பாடத்துக்கான களவேலையைக்கூட தன் ஊரிலேயே ஒரு மூத்த நர்சின் மேற்பார்வையில்தான் செய்தாள்.

இங்கே ஜி.என்.எம். படித்தவர்களுக்குப் பட்டம் வாங்க உள்ள வழி போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்ற படிப்பு. கல்லூரியில் சேர்ந்தால் 2 ஆண்டு, முழுநேரம். அரசு வேலையில் இருப்பவர்களுக்காவது வேலை போகாமல் படிக்கப் போக வழி உண்டு. தனியாரில் இருக்கும் நாங்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுபவர். மழைக்காலத்தில் வெட்டு நின்றால் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இதில் 2 ஆண்டு வீட்டில் காசு தராமல் படி என்றால் எப்படி?

இன்னொன்று இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் போஸ்ட் பேசிக். தொலைநிலைப் படிப்பு, குறைந்தது 3 ஆண்டு. நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவுக்குப் பிறகு ஜி.என்.எம். படித்தவர்களுக்குப் பதிவுக்குப் பின் 2 ஆண்டு அனுபவம் வேண்டும், பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்களுக்கு 5 ஆண்டு. செயல்முறைப் பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும், அதில் ஏமாற்ற முடியாது. வேலையில் இருக்கும் நர்சுக்கு இதுவரை உள்ளதில் இதுதான் நேர்மையான வழி என்பேன். நோட்டீஸ்காரர்களிடம் பணம் கட்டுவதற்கு முன் நம் பிள்ளைகள் இதை விசாரித்துப் பார்க்கட்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து போக பி.எஸ்சி. கட்டாயம் என்று சில ஏஜென்சிக்காரர்கள் கிளப்பிவிடுகிறார்கள். ஜி.என்.எம். பதிவை வைத்தே அங்கே நர்சுகளைப் பதிவு செய்யும் என்.எம்.சி. கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ்., பிறகு கம்ப்யூட்டரில் எழுதும் சி.பி.டி., அங்கே போய் ஓஸ்கி என்ற செயல்முறைத் தேர்வு என்று தேர்வுகள்தான் வரிசையாக இருக்கின்றன.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நர்சிங்கை ஆன்லைனில் நடத்தக் கூடாது என்ற தடை பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைக்குச் சரியானது. நரம்பே கிடைக்காத ஒரு தாத்தாவின் கையில் கேனுலா போடுவதைத் திரையில் பார்த்துக் கற்க முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்காக வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்க்கும் நர்சையும் அதே தராசில் வைப்பதில் என்ன நியாயம்? போஸ்ட் பேசிக் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதல் ஆண்டில் நுண்ணுயிரியல், சத்துணவியல், உயிர்வேதியியல், உளவியல். அதோடு நர்சிங்கின் அரிச்சுவடியான நர்சிங் ஃபவுண்டேஷன் வேறு! இரண்டாம் ஆண்டில் சமூகவியல், நர்சிங் கல்வி, நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். இதில் பாதிக்கு மேல் இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டில் உட்கார்ந்து படிக்கக்கூடியவை. குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் ஆகியவற்றின் செயல்முறைக்கு மட்டும் நேரில் வரச் சொல்லுங்கள், வருகிறோம். ஐ.சி.யூ.வில் இருப்பவளுக்குப் பிரசவ வார்டு மறந்துதான் போயிருக்கும். அதை மறுபடி கையால் செய்து படிப்பது நல்லதுதான்.

நாடாளுமன்றம் 2023-இல் தேசிய நர்சிங், மகப்பேறு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம் இது. படிப்பின் தரத்தையும் நடத்தும் முறையையும் வகுப்பது அந்த ஆணையத்தின் வேலை. பதிவு பெற்று, பணியிலும் இருக்கும் நர்சுகளுக்கு மட்டும் எழுத்துப் பாடம் ஆன்லைனில், செயல்முறை நேரில் என்று ஒரு போஸ்ட் பேசிக் வேண்டும் என்று தமிழக அரசும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் எழுதிக் கேட்க வேண்டும். நேர்முகப் பயிற்சிக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கருங்கல், குலசேகரம், குளச்சல் எங்கிருந்தும் காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பலாம். நம் எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் இதை ஒரு முறையாவது அவையில் எழுப்பலாமே.

இத்தோடு தனியார் மருத்துவமனைகளிடமும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைக்கும் ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுங்கள். அவை பீரோவில் பூட்டிக் கிடந்தால் எந்தப் படிப்புக்கும் சேர முடிவதில்லை. அடுத்து, படிக்கிற நர்சுக்குப் பயிற்சி நாளுக்கு முந்தின இரவில் நைட் டூட்டி போடாதீர்கள். டூட்டி லிஸ்ட் எழுதும்போது ஒரு பெயரை மாற்றி எழுதினால் முடிகிற காரியம் அது.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
கருங்கல் அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.
(வேலை பார்க்கும் இடத்தை நினைத்துப் பெயரைத் தவிர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.)